நூற்றுப் பதிமூன்றாவது குப்பி

தாராவியில் முருகம்மாள் வீட்டு இட்லிக்கு ஒரு பேர் உண்டு. கோழி கூவி விடிய அந்தச் சந்தில் கோழி கிடையாது. முருகம்மாளின் கிரைண்டர் சத்தம்தான் சந்தை எழுப்பும். அறுநூறு இட்லி வெந்து இறங்கியதும் சைக்கிள்காரர்கள் வந்து அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிக் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கும் செம்பூருக்குமாகப் பிரிந்து போய், ரப்பர் ஹாரனை அமுக்கி அமுக்கி விற்றுத் தீர்ப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷன் கையைப் பிடித்து வந்து, அவர் போன பிறகும் அடுப்பை அணையவிடாமல் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள் முருகம்மாள். அவளிடம் சட்னியில் உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டு மறுநாளும் அங்கே வந்து நின்றவர் கிடையாது.

அந்த வீட்டுக்கு இன்னொரு பேரும் உண்டு. டாக்டர் வீடு. மகள் பானுமதி வாங்கியது ஆராய்ச்சிப் பட்டம் என்பதும், அவள் ஊசி போட மாட்டாள் என்பதும் சந்தில் எவருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து அவள் வந்து இறங்கினால் போதும், முழங்கால் வலி, பித்தப்பைக் கல், பேறுகாலம் என்று நாலு பேர் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "எம்மா, அவ கிருமிக்கு டாக்டரு" என்று முருகம்மாள் விளக்கம் சொல்வாள். கிருமிக்கு எதற்கு டாக்டர், அதைக் கொல்ல அல்லவா டாக்டர் வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் ஓய்வு இல்லை.

பானுமதி பார்ப்பது காசநோய்க் கிருமி. அதைக் கண்ணால்கூட அவள் இப்போது பார்ப்பதில்லை. அந்தக் கிருமியின் உடம்புக்குள் நாலே நாலு எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு, நாற்பத்து நாலு லட்சம் எழுத்தில் ஒரு நீளமான வாக்கியம் இருக்கிறது. கருவி அதைத் துண்டு துண்டாக வாசித்துக் கொடுக்கும். துண்டுகளைச் சேர்த்து, இந்த நோயாளியின் கிருமிக்கும் அந்த நோயாளியின் கிருமிக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று கம்ப்யூட்டரில் எண்ணுவது அவள் வேலை. வித்தியாசம் நூறு, இருநூறு என்றால் இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஐந்துக்குள் இருந்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது என்று பொருள். யாரிடமிருந்து யாருக்கு என்று கம்ப்யூட்டர் ஒரு மரம் வரைந்து காட்டும். பதினாலு கட்டுரைகளும், வெளிநாட்டு மேடைகளும், செம்பூர் ஆய்வு நிறுவனத்தில் தனி அறையும் அவளுக்கு இந்த மரங்கள் கொடுத்தவைதான்.

மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அந்த மரம் அவள் வீட்டுக் கூரையைப் பிரித்துக் காட்டியது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு தாராவியில் சேகரித்து உறைபெட்டியில் வைத்திருந்த முந்நூற்றுச் சொச்சம் குப்பிகளை இந்த வருஷம்தான் வாசிக்க முடிந்தது. மரத்தின் ஒரு கிளையில் 113, 271 என்ற இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்று எழுத்து வித்தியாசம். 271 யார் என்று அவளுக்கு அப்போது தெரியாது. விவரத்தாளில் 'பெண், வயது 25, இட்லித் தொழில் செய்யும் குடும்பம், 2013' என்று இருந்ததைப் படித்தபோதுதான் அண்ணன் மனைவியின் நினைப்பு வந்தது. 113 யார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

அது அவளுடைய சளி.

2011இல் அவள் இதே நிறுவனத்தில் கடைநிலை உதவியாளர். முனிசிபாலிட்டி மருந்தகங்களான தவாகானாக்களிலிருந்து வரும் சளிக் குப்பிகளுக்கு எண் ஒட்டுவது வேலை. ஐந்து வாரம் விடாத இருமல் வந்ததும் என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தவாகானாவுக்குப் போனால் வீட்டுக்கு ஆள் வரும். வீட்டுக்கு ஆள் வந்தால் இட்லி வியாபாரம் போகும். புனே ஆராய்ச்சிப் படிப்புக்கு மருத்துவச் சான்று வேறு கேட்டிருந்தார்கள். அவள் நிறுவனத்துக் குளியலறையில் குப்பிக்குள் காறித் துப்பி, இல்லாத ஒரு பேரும் முப்பது வயதும் போட்டு, 113 என்று ஒட்டி, மற்றதோடு வைத்துவிட்டாள். சளிப் பரிசோதனையை இப்படித் திருடிக்கொள்ள அந்த வேலையில் இருப்பவர்களால் மட்டும்தான் முடியும். மூன்று வாரத்தில் குப்பியில் கிருமி வளர்ந்து நோய் உறுதியாயிற்று. குர்லாவில் ஒரு தனியார் டாக்டரிடம் மாத்திரை வாங்கினாள். இரண்டரை மாதம் தின்றாள். இருமல் நின்றது, வாந்தி நிற்கவில்லை, நேர்காணல் வந்தது. மாத்திரையை விட்டுவிட்டாள். மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்தையே பழகிக்கொள்ளும் என்று பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள் அவள். மறு வருஷம் வீட்டில் இருக்கும்போதே இருமல் திரும்பி வந்தது, அதையும் மறைத்துப் புனேக்குப் போய், அங்கே மாற்று மருந்தை ஒழுங்காக இரண்டு வருஷம் தின்று குணமானாள். அதற்குள் நடக்கவேண்டியது இங்கே நடந்துவிட்டிருந்தது.

அந்த மூன்று எழுத்தில் ஒன்று, மாத்திரைக்கு மசியாமல் போகவைக்கிற எழுத்து. 113இல் அது இல்லை, 271இல் இருந்தது. பாதி மருந்தில் கிருமி பழகிக்கொண்ட வித்தை.

எந்த ஆய்விலும் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கும். சரியாக வாசிக்கப்படாத குப்பிகளின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, பக்கத்தில் காரணம் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காது. பானுமதி அந்தக் கோப்பைத் திறந்து '113, கலப்படம்' என்று ஒரு வரி சேர்த்தாள். பேன் நசுக்குகிற நேரம்கூட ஆகவில்லை. மரம் மறுபடி வரைந்து வந்தபோது 271 தன் கிளையில் தனியாக நின்றது.

சனிக்கிழமை அண்ணன் பேச்சிராஜா போன் செய்தான்.

"நாளைக்கு வந்துட்டுப் போ பானு. வீட்ல ஒரே ரகள. நீ வந்து ஒரு வார்த்த சொன்னாத்தான் அடங்கும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் தகரக் கூரைகளை வறுத்துக்கொண்டிருந்தது. சாக்கடை ஓரத்தில் சிமெண்டுத் தளத்தில் உட்கார்ந்து மதினி மாரிசெல்வி இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அதுதான் அவளுக்கு விதித்த இடம். 2013இல் நோய் வந்தது. முதல் மருந்து கேட்கவில்லை. இரண்டு வருஷ வைத்தியம், தினம் ஒரு ஊசி என்று மாதக்கணக்கில். உயிர் தப்பியது, ஊசி இடது காதைத் தின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று சான்று கொடுத்த பிறகும் முருகம்மாள் அவளை மாவுப் பானைப் பக்கம் விட்டதில்லை. தட்டு கழுவலாம், தேங்காய் உடைக்கலாம், மாவில் கை வைக்கக் கூடாது. வெளியே கேட்டால் மருமகளுக்குக் கையில் அலர்ஜி என்பாள்.

பானுமதி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முருகம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"வா, வந்து நீயே கேளு. இவளுக்கு அம்மை படுத்துட்டாளாம். பாக்கப் போகணுமாம். போகட்டும், நான் என்ன கையப் புடிச்சா இழுக்கேன்? புள்ள கனகவள்ளியையும் கூட்டிட்டுப் போவேங்கா. செவ்வாக்கெழம வண்டிக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு."

"பாட்டிய புள்ளை பாக்க வேண்டாமா அத்தை? பொறந்து மூணு மாசத்துல பாத்தது. பன்னெண்டு வயசாகுது" என்றாள் மாரிசெல்வி, கையிலிருந்த நாரை வைக்காமல்.

"பாக்கட்டும், போன்ல பாக்கட்டும். வீடியோ வருதுல்லா? ஏட்டி பானு, நீ படிச்சவ, நீ சொல்லு. அவ அப்பன் புள்ளையக் கொண்டுவிட வந்து இங்கன பத்து நாள் கெடந்தான். பத்து நாளும் இருமல். இந்தச் சொவத்த ஒட்டித்தான் படுத்துக் கெடந்தான். மறு வருசமே இவளுக்கு வந்துட்டு. அந்த வீட்டுக் காத்துலயே நோய் கெடக்கு. அதுக்குள்ள சின்னப் புள்ளையக் கொண்டு தள்ளணுமா?"

"எங்க அப்பாவுக்குச் சளி டெஸ்ட் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னு ஆஸ்பத்திரியில எழுதியே குடுத்தாவ. பீடி இருமல் அது. எத்தன தடவதான் சொல்ல?"

"ஆமா, பெரிய ஆஸ்பத்திரி. அப்பம் உனக்கு எங்க இருந்து வந்துச்சு? எங்க வீட்டு அடுப்புல இருந்தா?"

மாரிசெல்வி ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

அந்தக் கிழவர் பேர் சுடலைக்கண்ணன். பேத்தியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் பீடியை விட்டார். விட்டும் யாரும் கூப்பிடவில்லை. மகளுக்கு நான்தான் நோயைக் கொடுத்தேனாமே என்று ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்து, ஆறேழு வருஷத்துக்கு முன்பு ஒரு மார்கழியில் செத்துப்போனார். 'போனா அங்கேயே இருந்துக்க' என்று முருகம்மாள் சொன்னதால் மாரிசெல்வி சாவுக்கும் போகவில்லை. பானுமதி அப்போது ஒரு மாநாட்டுக்காக வெளிநாட்டில் இருந்தாள். அங்கிருந்து மதினிக்கு அழுகிற பொம்மைப் படம் ஒன்று அனுப்பியது இப்போது ஞாபகம் வந்து உடம்பைக் கூசச் செய்தது.

"சண்ட வேண்டாம்" என்றான் பேச்சிராஜா. அவன் குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவன். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் எப்போதும் தரையைப் பார்த்தே பேசுவான். "பானு சொல்லட்டும். இது அவ தொழில். அவ சரின்னா புள்ள போகட்டும். வேண்டாம்னா புள்ள டிக்கெட்ட கேன்சல் பண்ணிருவோம். கதம், முடிஞ்சுது."

நாலு முகமும் அவளைப் பார்த்தன. கதவுக்குப் பின்னால் கனகவள்ளி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மதினியோட பழைய கார்டு இருக்கா?" என்று கேட்டாள் பானுமதி. "அதப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

மாரிசெல்வி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து மடிப்புகளில் கிழிந்த ஓர் அட்டையை எடுத்து வந்தாள். தவாகானா முத்திரை. மருந்து தின்ற நாட்களுக்கு நேரே வரிசை வரிசையாக டிக். ஒரு நாள்கூட விடுபடவில்லை. மேலே மூலையில் அப்போது சளி சேகரிக்க வந்த பையன் ராஹிலின் கையெழுத்தில், 271.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் மாரிசெல்வி.

"நீங்க ஒரு நாள்கூட விடல மதினி."

"விடப்படாதுன்னு நீதான புனேயில இருந்து போன்ல சொன்ன. வாந்தி வந்தாலும் தின்னுங்கன்னு."

இரண்டு நாளில் சொல்கிறேன் என்று பானுமதி எழுந்தாள். படித்தவர்கள் அப்படித்தான் சட்டென்று சொல்ல மாட்டார்கள் என்று முருகம்மாள் பெருமையாகத் தலையாட்டினாள்.

மாரிசெல்வி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். தோல் பைக் கடைகளுக்கு முன்னால் டெம்போக்கள் ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் நின்றன. பானுமதி மதினியின் இடப்பக்கமாக நடந்தாள். தெரிந்தேதான் நடந்தாள்.

"நீ சரின்னு சொல்லிரு பானு. உனக்குக் கோயில் கட்டுவேன். எங்க அம்மை எந்திரிக்க மாட்டா போல. நான் சாகுறதுக்குள்ள பேத்திய ஒருவாட்டி காட்டிருன்னு போன் போட்டு அழுதா. அப்பா மொகத்தத்தான் பாக்கல. அவளையாவது…"

பானுமதி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அது உங்க அப்பாகிட்ட இருந்து வரல மதினி. எங்கிட்ட இருந்து வந்தது."

ஒரு டெம்போ உறுமிக்கொண்டு கடந்தது. மாரிசெல்வி இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏதும் சொன்னியா? அந்தக் காதுல சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும், இந்தப் பக்கம் வா."

"ஒண்ணும் இல்ல. பஸ் வந்துட்டுன்னேன்."

பஸ் வரவில்லை. வருவதற்கு இன்னும் இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் பானுமதி மதினியின் வலப்பக்கம் நின்று, கனகவள்ளியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள். தன்னைப்போல ஒரு கோழை இந்த மும்பையில் உண்டா என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் ஜான்சி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பெண், பானுமதியிடம் ஆராய்ச்சி மாணவி. எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவள்.

"மேடம், நூத்துப் பதிமூணை எடுத்துட்டீங்களா? விலக்குப் பட்டியல்ல பாத்தேன்."

"ஆமா, கலப்படம்."

"அப்படியா? நான் செக் பண்ணப்போ க்ளீனாத்தான் இருந்துச்சு." கொஞ்சம் நின்றாள். "சரி மேடம். எனக்குத்தான் பாக்கத் தெரியலைன்னு நினைக்கிறேன். எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு நாள் சொல்லிக் குடுங்க, கத்துக்கறேன்."

அவள் போய்விட்டாள். தன் கண்ணில் பட்ட உண்மையைத் தப்பு என்று நினைத்துக்கொண்டு போகிறாள். பானுமதிக்கு மதியம் சோறு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து, மூடி, கேண்டீன் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருந்திருக்கலாமே என்று அன்று முழுதும் வாதாடிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் வேறு யாரோ கொடுத்திருக்கலாம். கட்டுரையில் அப்படித்தான் எழுதுவாள்: 'மூன்றாவது நபருக்கான சாத்தியத்தை முற்றிலும் மறுக்க இயலாது.' பத்துக்குப் பதினைந்து அறை. மேலே தட்டி போட்ட பரணில் அவள். கீழே மதினியும் பச்சைப் பிள்ளையும். இருமினால் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று தலையணையை வாயில் அழுத்தி இருமிய இரவுகள். அந்த மூன்றாவது ஆள் எங்கே படுத்திருந்தான்? பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்றும் யோசித்தாள். காரணம் ஒன்றுமில்லை. வராமல் போயிற்று, அவ்வளவுதான்.

மாலையில் ஜான்சியைக் கூப்பிட்டாள்.

"அந்த வரிய எடுத்துரு. 113 நல்ல மாதிரிதான். உன் கண்ணுல தப்பு இல்ல."

"அப்புறம் ஏன் மேடம்?"

"அது என் சளி."

ஜான்சி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். பானுமதி எல்லாவற்றையும் சொன்னாள். பொய்ப் பேர், குர்லா டாக்டர், இரண்டரை மாதம், 271. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அது லேசாவதுகூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த 271 அக்கா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. ஒரு காது போச்சு."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்போ எங்கிட்ட ஏன் மேடம் மொதல்ல சொன்னீங்க?" என்றாள் ஜான்சி. அதில் கோபம் இல்லை. கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

பானுமதி அன்றே நிறுவனத்து நெறிக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். பதவி போகலாம், போகாமலும் இருக்கலாம். அதை ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். அதிகாரிகளிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு நல்ல மொழிநடை இருக்கிறது, பழகிய சொற்கள் இருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை ரயில் பிற்பகலில். பானுமதி விடுப்புப் போட்டுவிட்டுக் காலையில் பத்து மணிக்கே தாராவிக்குப் போனாள். அடுப்பு அணைந்து, வீட்டில் ஆவி மட்டும் மிச்சம் இருந்தது. பேச்சிராஜா வேலைக்குப் போகாமல் இருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சூட்கேஸ் பாதி அடுக்கிக் கிடந்தது. கனகவள்ளியின் சுடிதார் ஒன்று அதில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மேலே கிடந்தது.

"வந்துட்டியா? சொல்லு" என்றாள் முருகம்மாள். மறுநாளைக்கு ஊறப்போட்ட உளுந்தைக் களைந்துகொண்டிருந்தாள்.

பானுமதி மாரிசெல்வியின் வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

"கனகவள்ளி தாராளமாப் போகலாம். அந்த வீட்ல ஒரு நோயும் இல்ல. அப்பவும் இல்ல. மதினிக்கு நோய் வந்தது எங்கிட்ட இருந்து."

உளுந்து களைகிற கை நின்றது.

"என்னது?"

"2011ல எனக்கு டிபி இருந்துச்சும்மா. யாருகிட்டயும் சொல்லல. மருந்தப் பாதியில விட்டேன். ரெண்டு பேரு கிருமியையும் வாசிச்சுப் பாத்தாச்சு. எனக்கு வந்ததுதான் மதினிக்கு வந்திருக்கு. கெட்டுப்போய் வந்திருக்கு. நான் பாதியில விட்டதாலதான் அவங்களுக்கு மாத்திர கேக்கல. காது போனது அதாலதான்."

முருகம்மாள் மகளையே பார்த்தாள். பிறகு அவள் கண் நிறைந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடா பேச்சி? மதினி ஊருக்குப் போகணும்ங்கிறதுக்காக எப்பேர்ப்பட்ட பழியத் தூக்கித் தலையில போடுதா பாரு! எம்மா, நீ இருமி நான் பாத்ததே கெடையாதே. விடியக்காலம் என்கூட ஒக்காந்து மாவு கரைப்பியே. உனக்காவது, டிபியாவது!"

"அம்மா, நெசமாத்தான் சொல்லுதேன்."

"போதும் பானு" என்றான் பேச்சிராஜா. அவன் குரல் தழுதழுத்தது. "அவளுக்காக நீ இவ்வளவு எறங்க வேண்டாம். புள்ள போகட்டும். நான் சரின்னுட்டேன். அம்மாவும் சரின்னுருவா. நீ உன் பேரக் கெடுத்துக்காத. பாகலா, பைத்தியமா நீ?"

"அண்ணே, நான் யாருக்காகவும் சொல்லல. கம்ப்யூட்டர்ல இருக்கு, காட்டட்டுமா?"

"காட்டுனா எங்களுக்கு என்ன தெரியும்? நீ எத வேணும்னாலும் எழுதிக் காட்டுவ" என்று முருகம்மாள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி எட்டிப் பார்த்ததும், "எம்மா, கேட்டியா, எம் மக மனசப் பாரு" என்று ஆரம்பித்தாள்.

பதிமூன்று வருஷம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க வந்தால், அதற்கும் மாலை போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். பானுமதி இன்னொரு படி மேலே ஏறிவிட்டாள். மதினி தட்டுக் கழுவும் இடத்திலேயே இருந்தாள்.

பானுமதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாரிசெல்வி மெல்லக் கேட்டாள்:

"அந்தத் தலகாணி உறை."

"என்ன மதினி?"

"நான் பேறுகாலத்துக்கு ஊருக்குப் போறதுக்கு முந்தி. உன் தலகாணி உறையில, உள்பாவாடையில எல்லாம் ஆரஞ்சுக் கலர்ல கறை. சோப்புப் போட்டும் போகல. என்னன்னு கேட்டேன். கேசரிப் பொடி கொட்டிட்டுன்ன."

பானுமதி தலையசைத்தாள்.

"பெறவு எனக்கு மாத்திர குடுத்தாவ. மூத்திரம், வேர்வ எல்லாம் அதே கலரு. அப்பம் எனக்கு உன் உறை ஞாபகம் வந்துச்சு. சீ, அந்தப் புள்ள கேசரிப் பொடின்னுதான சொல்லிச்சு, படிச்ச புள்ள பொய் சொல்லுமான்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன்." அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தை, அவ சொல்றது நெசம்."

"கேசரிப் பொடிய எவ கண்டா" என்று முணுமுணுத்துவிட்டு முருகம்மாள் உளுந்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைந்த உளுந்தையே மறுபடி மறுபடி களைந்தாள். பேச்சிராஜா எழுந்து வாசலுக்குப் போய் நின்றான்.

மாரிசெல்வி கனகவள்ளியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு பானுமதி முன்னால் வைத்தாள்.

"எழுது."

"என்ன எழுதணும்?"

"இப்பம் சொன்னத. தமிழ்ல எழுது. எங்க அம்மைக்கு வாசிச்சுக் காட்டணும். ஊர்ல நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டணும். நான் வாயால சொன்னா, மாமியா வீட்ட விட்டுக்குடுக்காளேம்பாங்க, இல்லன்னா அப்பன விட்டுக்குடுக்க மாட்டேங்காளேம்பாங்க."

பானுமதி முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவள். எழுதி வெகுகாலம் ஆகியிருந்தது. நிறுத்தி நிறுத்தி எழுதினாள். 'மாரிசெல்விக்கு வந்த நோய் அவளுடைய தகப்பனார் சுடலைக்கண்ணன் அவர்களிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. ஆய்வின்படி அது என்னிடமிருந்து பரவியிருக்கக்கூடும்.'

மாரிசெல்வி எழுத்துக் கூட்டி வாசித்தாள். விரலை ஒரு சொல்லின் மேல் வைத்தாள்.

"வாய்ப்பு குறைவுன்னா? வந்தும் இருக்கலாம்னா?"

"அப்படி இல்ல மதினி. நாங்க எழுதும்போது எதையும் நூறு சதவீதம்னு எழுத மாட்டோம். அது வழக்கம்."

"எங்க அப்பா அந்த வழக்கத்துலதான் செத்தாவ. வந்திருக்கலாம், வந்திருக்கலாம்னு எல்லாரும் சொன்னதுலதான் செத்தாவ. வந்துச்சா, வரலையா? அத எழுது."

பதினாலு கட்டுரையிலும் பானுமதி ஒரு வாக்கியத்தைக்கூடத் தப்பிக்க இடம் விடாமல் எழுதியதில்லை. அவள் இரண்டு வரியையும் அடித்தாள். கீழே எழுதினாள். 'சுடலைக்கண்ணனிடமிருந்து வரவில்லை. என்னிடமிருந்து வந்தது. எனக்கு நோய் இருந்ததை நான் மறைத்தேன்.' பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"டாக்டர்னு போடு."

பானுமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"பேருக்கு முன்னால டாக்டர்னு போடு. அது இருந்தாத்தான் நம்புவாங்க."

பேருக்கு முன்னால் கொஞ்சம்தான் இடம் இருந்தது. இடுக்கி எழுதினாள். அந்த நாலெழுத்தை எழுதும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வடிந்து தாளில் விழுந்தது. மை கலையாமல் மாரிசெல்வி அதை முந்தானையால் ஒற்றியெடுத்தாள். தாளை நாலாக மடித்து, தன் பழைய அட்டை இருந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையைச் சூட்கேஸின் அடியில் செருகினாள். மேலே கிடந்த சுடிதாரை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள்.

"என்ன மன்னிச்சிருங்க மதினி" என்றாள் பானுமதி. இந்தத் தடவை அவள் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு சத்தம் எதுவும் இல்லை.

மாரிசெல்விக்கு நன்றாகவே கேட்டது. அவள் சூட்கேஸை மூடி, முழங்காலால் அமுக்கிப் பூட்டினாள்.

"கனகா, தலை வாரிட்டு வா. வண்டிக்கு நேரமாச்சு."